அலாரம் பாடிய புகைச்சிட்டு

இன்குபேட்டர் அறையில் அலாரம் அடித்தால் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓட வேண்டும். முட்டைக்குள் இருக்கும் உயிருக்குச் சூடு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அன்று காலை மூன்று குட்டை ஒலியும் ஒரு நீள ஒலியும் கேட்டதும், முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் அடைக்கோழி பாதி குடித்த தேநீரை வராண்டா ஜன்னலில் வைத்துவிட்டு ஓடினார்.

மெஷினில் எல்லாம் சரியாக இருந்தது. வெப்பம் சரி, ஈரப்பதம் சரி, சிவப்பு விளக்கு எரியவில்லை. முட்டைகள் தட்டில் சமர்த்தாக இருந்தன.

மெக்கானிக் வந்தார். அந்த அறைக்குள் பேசக் கூடாது என்பது ஆய்வகத்தின் முதல் விதி. ஆகவே இருவரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். சண்டை போடுவதற்கு மட்டும் வராண்டாவுக்கு வந்தார்கள்.

"அண்ணே, மெஷின்ல ஒண்ணுமே இல்ல. அது அடிக்கவே இல்ல."

"அடிச்சுதுப்பா. நான் என் காதால கேட்டேன்."

"அப்ப காதைத்தான் கழட்டிப் பாக்கணும்."

சென்சாரை மாற்றினார்கள். மறுநாளும் அடித்தது. உள்ளே இருந்த மின்பலகையை மாற்றினார்கள். அதன் பிறகும் அடித்தது. மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒலிபெருக்கியை வயரோடு பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இனி எப்படி அடிக்கிறாய் பார்க்கலாம் என்பதுபோல மெஷினை முறைத்தார்.

அப்போதும் அடித்தது. மூன்று குட்டை, ஒரு நீளம்.

இருவரும் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. சுவருக்கு அப்பால் பறவை அறை. அங்கே கிளை ஒன்றில் சாம்பல் நிறப் பறவை ஒன்று, தொண்டை புடைக்க, வாலை விரித்து, மெஷினைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது.

உலகத்தில் அந்த இனத்தில் அப்போது அது ஒன்றுதான் இருந்தது.

*

அடைக்கோழி என்பது ஆய்வகம் அவருக்கு வைத்த பெயர். ஐம்பதைத் தாண்டிய, நல்ல மீசையுள்ள ஆளை அப்படிக் கூப்பிடப் புதிதாக வருபவர்கள் தயங்குவார்கள். அவரே சொல்லிக்கொடுத்துவிடுவார்: "சும்மா கூப்பிடுங்க, வீட்லயும் அதான்." இருபது வருடத்துக்கு மேல் கோழிப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொண்டவர். ஒரு தட்டில் எத்தனை முட்டை என்று கேட்டால் சொல்ல மாட்டார். எது கூமுட்டை என்று கேட்டால் விளக்கில் ஒரு தடவை காட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். பண்ணை மூடிய பிறகு, முட்டை வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று ஆய்வகம் தேடியபோது வந்து சேர்ந்தார். என்ன முட்டை என்று முதல் நாள் அவர் கேட்கவில்லை. முட்டை முட்டைதானே.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க" என்று நாள் முழுக்கக் கத்திவிட்டு, தொண்டை கட்டி வீட்டுக்கு வருவார். இவர் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் வருவார்.

"உங்களுக்கும் சேத்து நான் பேசிட்டு வரேன். வீட்லயாவது ரெண்டு வார்த்தை பேசினா என்னவாம்?" என்பார் மனைவி.

இவர் பேசத் தொடங்கினால் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் போகும்: புகைச்சிட்டு.

புகைச்சிட்டு என்பது ஒரு மலையில், அதிலும் மூங்கில் அடர்ந்த ஒரு சரிவில் மட்டும் வாழ்ந்த பறவை. மூங்கிலை வெட்டினார்கள். சரக்கு மூட்டைகளோடு எலிகள் வந்து முட்டைகளைத் தின்றன. கடைசிப் பறவை ஒரு கூண்டில் செத்தது. அதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிஞ்சியவை அருங்காட்சியக இழுப்பறைகளில் பஞ்சு அடைத்த சில உடல்கள் மட்டுமே. அதன் குரலை யாரும் பதிவு செய்யவில்லை. அந்த மலையை அளக்கப் போன ஒருவர் எழுதிவைத்த ஒரு வரி மட்டும் இருக்கிறது: இது பாடத் தொடங்கினால் ஆட்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள் என்று. எப்படிப் பாடியது என்று அவர் எழுதவில்லை.

ஆய்வகத் தலைவியை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். அந்தக் காய்ந்த உடல்களின் கால் விரலிலிருந்து மணல் பருக்கை அளவு தோல் எடுத்து, அதில் சிதறிக் கிடந்த மரபுச் செய்தியைத் துண்டு துண்டாகப் படித்தது அவருடைய குழு. கிழித்துப் போட்ட புத்தகத்தை ஒட்டுவது மாதிரி வேலை. பல பக்கங்கள் இல்லை. இல்லாத பக்கங்களுக்கு, இன்னும் உயிரோடு இருக்கும் ஒரு பங்காளிப் பறவையின் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பங்காளியின் கருவில், நாளைக்கு முட்டையாகவும் விந்தாகவும் ஆகப்போகும் உயிரணுக்களை மட்டும் எடுத்து, புகைச்சிட்டின் எழுத்துக்கு மாற்றி, வேறு பங்காளிக் கருக்களுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அந்தக் கருக்கள் ஆணும் பெண்ணுமாக வளர்ந்து பெரிதாயின. பார்த்தால் பங்காளிப் பறவை. இட்ட முட்டையோ புகைச்சிட்டின் முட்டை.

இதை அடைக்கோழி வீட்டில் விளக்கியபோது மனைவி சோற்றில் கையை வைத்தபடி நிறுத்திவிட்டார்.

"இருங்க, இருங்க. பெத்தவங்க ரெண்டு பேரும் கண்ணு முன்னாடி இருக்காங்க. ஆனா புள்ள அவங்க இனம் இல்ல?"

"இல்ல."

"அப்ப அது யாருக்குப் புள்ள?"

"செத்து நூறு வருஷம் ஆனவங்களுக்கு."

மனைவி சோற்றைத் திரும்பப் பிசையத் தொடங்கினார்.

பெற்றவர்களிடமே குஞ்சை விட முடியாது. விட்டால் பங்காளியின் பாட்டைக் கற்றுக்கொள்ளும், பங்காளியிலேயே ஜோடி தேடும், அடுத்த தலைமுறையில் இனம் கரைந்துபோகும். மனிதக் குரலைக் கேட்டும் வளரக் கூடாது. கணினி ஊகித்த ஒரு பாட்டைப் போடலாமா என்று ஒரு சாரார் கேட்டார்கள். பொய்யைக் கற்றுக்கொடுக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ரத்தத்திலேயே ஏதாவது மிச்சமிருந்தால் அது தானாக வரட்டும். அதற்காகத்தான் அந்த மௌனம். துணி உரசாத அங்கி, ரப்பர் செருப்பு, இரை ஊட்டக் கையில் மாட்டிக்கொள்ளும் பறவைத் தலைப் பொம்மை.

பொரிந்த நாளை அடைக்கோழி நூறு தடவை சொல்லியிருப்பார். ஓட்டில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. லட்சக்கணக்கில் பார்த்த விரிசல்தான். ஆனால் அந்த விரிசல் வழியாக மூச்சு உள்ளே போனபோது அவர் தட்டருகே மண்டியிட்டுக் குனிந்துகொண்டார். அந்த மூச்சை இழுக்க ஆள் இல்லாமல் உலகம் நூறு வருடம் இருந்திருக்கிறது. கடுகளவு ஈரச் சதை, கண் திறக்காத தலை, அதற்குள் ஒரு மலையே இருந்தது. கண்ணாடிக்கு வெளியே டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் வராமல் அழுதார். அங்கும் விதி இருந்தது.

குஞ்சுக்கு ஆய்வகம் ஒரு எண் கொடுத்தது. அடைக்கோழி வீட்டில் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. ஆறின இரையைத் தொடாது, ஊட்டுவதில் தாமதமானால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கல்லூரிக்குப் போகும் மகள் மட்டும் முறைத்தாள்: "எனக்கே இன்னும் பாக்கல. அதுக்குள்ள வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையா?"

*

அலாரம் பறவையிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும் டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். மனிதக் குரலை, கதவுச் சத்தத்தை, மழைச் சத்தத்தைக்கூட அடைத்த அவர்கள் மெஷினின் சத்தத்தை அடைக்கவில்லை. இன்குபேட்டர் அறையில் வேலை செய்கிறவர்களுக்கு அலாரம் என்பது ஓடுவதற்கான உத்தரவு. அதை ஒரு சத்தமாக யாரும் எண்ணவே இல்லை.

விஷயம் நெறிக்குழுவுக்குப் போனது. எந்தப் பறவைக்கு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று முடிவு செய்கிற குழு அது. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அடுத்த முட்டைகள் அப்போது மெஷினில் இருந்தன. அவற்றிலிருந்து வரும் குஞ்சுகளோடு மாப்பிள்ளையைச் சேர்ப்பதா, பிரிப்பதா என்பதுதான் கேள்வி. பிரித்தால், ஒலி புகாத தனியறையில், ஒருவேளை ஆயுள் முழுக்க.

டாக்டரம்மா பிரிக்கச் சொன்னார். "இந்த ஆண் பறவை என்ன பாடுதோ அதைத்தான் சின்னது எல்லாம் கத்துக்கும் சார். நாளைக்கு மலைல விட்டா மலை முழுக்க அலாரம் அடிக்கும். அப்ப நாம திருப்பிக் கொண்டுவந்தது புகைச்சிட்டு இல்ல. மெஷின் சத்தத்துக்கு ரெக்கை ஒட்டிவிட்டிருக்கோம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு சந்தேகம். என்னை மறுபடி பிறக்க வைங்கன்னு அது மனு போடல. நாமளா கொண்டுவந்தோம். கொண்டுவந்து தனியறைல அடைக்கறதுக்கு என்ன பேரு?"

"தண்டனை இல்ல சார். பாதுகாப்பு."

"உள்ள இருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பிறகு அடைக்கோழியைக் கேட்டார்கள். அவர் எழுந்து நின்றார்.

"வால்யூமைக் கூட்டினது நான் சார். கோழிப் பண்ணைல அலாரம் காதுல விழலேன்னா மொத்த முட்டையும் வெந்துடும். அந்தப் பயம் இன்னும் போகல. இங்க வந்த முதல் நாளே முழுசாக் கூட்டி வச்சேன். கொஞ்சம் சூடு மாறினாலும் அடிக்கற மாதிரி வேற வச்சேன்."

"நானும் தினம் அந்த ரூமுக்குப் போனேன்," என்றார் டாக்டரம்மா. "அதைக் குறைங்கன்னு எனக்கும் தோணல."

"தனியா வச்சா உயிரோட இருக்குமா?" என்று கேட்டார் நீதிபதி.

"இருக்கும் சார். சாப்பிடும், தூங்கும். நல்லா பாத்துக்கலாம்." மீசையைத் தடவினார். "ஆனா கூப்பிடும். அலாரம் அடிச்சா நான் ஓடுவேன். நான் வந்தா பொம்மை வரும், இரை வரும், சூடு வரும். முட்டைக்குள்ள இருந்தப்பவே அது அதைத்தான் கேட்டுது. அதுக்கு அந்தச் சத்தம்தான் அம்மா. நாம அதைப் பாட்டுன்னு சொல்றோம். அது ஆளைக் கூப்பிடுதோன்னு எனக்கு ஒரு இது. சரியாத் தெரியல சார். பிரிச்சுதான் வைக்கணும்னா வைங்க. கூப்பிட்டா போகக் கூடாதுன்னு மட்டும் எனக்கு விதி போடாதீங்க."

பிரித்து வைக்கலாம் என்று முடிவானது. கூப்பிட்டால் போகக் கூடாது என்ற விதியும் போட்டார்கள். போனால் அந்தப் பழக்கம் இன்னும் இறுகும் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

துணி மூடிய கூண்டில் மாப்பிள்ளையைப் புது அறைக்குத் தூக்கிப் போனவர் அடைக்கோழிதான். அன்றைக்கு வீட்டில் மனைவி பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்.

"மாப்பிள்ளையத் தனிக்குடித்தனம் வச்சுட்டீங்களாமே. பொண்ணே இல்லாமத் தனிக்குடித்தனமா?"

அவர் சிரிக்கவில்லை. மனைவி தட்டை நகர்த்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கூப்பிடுதா?"

"சத்தம் வெளிய வராது. கண்ணாடில பாத்தா வாய் திறக்கறது தெரியும்."

"பஸ்ல ஏறாதவங்களுக்குக்கூட ஒரு விசில் கொடுத்துட்டுதான் நான் வண்டிய எடுப்பேன்," என்றார் மனைவி.

*

இரண்டாவது வரிசைக் குஞ்சுகள் பொரிந்தன. இந்த முறை அலாரம் வெறும் விளக்காக மட்டும் எரிந்தது. உண்மையான மௌனம். ஆணும் பெண்ணுமாகக் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன, இறகு முளைத்து ஒன்றையொன்று கொத்தி விளையாடின. ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாட்டு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

வந்தது ஒரு பிறாண்டல். ஆண் குஞ்சுகள் தொண்டையைப் புடைத்தன, வாலை விரித்தன, எல்லாம் சரியாகச் செய்தன. ஆனால் வாயிலிருந்து வந்தது தகரத்தில் ஆணியால் இழுப்பது மாதிரி ஒரு சத்தம். ஒழுங்கு இல்லை, தொடக்கம் இல்லை, முடிவு இல்லை. பக்கத்துக் கிளையிலிருந்த பெண் குஞ்சுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா ஒரு மத்தியானம் காதில் மாட்டும் கருவியோடு வராண்டாவுக்கு வந்தார். ஒரு பக்கத்தை அடைக்கோழியின் காதில் வைத்தார். முதலில் பிறாண்டல். அடுத்து மாப்பிள்ளை.

"என்ன தோணுது?"

"முதல்ல வந்தது பேசத் தெரியாதவன் கத்தற மாதிரி இருக்கு. இது ஏதோ சொல்ற மாதிரி இருக்கு. சொல்றது என்னவோ மெஷின் பாஷைதான்."

டாக்டரம்மா அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பாட்டு பிறப்புலயே வராதுன்னு இப்ப தெரியுது. வர்றது பாடணுங்கற ஆசை மட்டும்தான். எதைன்னு யாராவது சொல்லித் தரணும். சொல்லித் தர ஒருத்தன் இருந்தும் அவனைப் பூட்டி வச்சிருக்கோம்."

"அவன் தப்பாச் சொல்லித் தருவான்னுதானேம்மா வச்சோம்?"

"ஆமா." சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். "கூண்டுக் குருவிகள வச்சு ஒரு ஆய்வு பண்ணியிருக்காங்க. பாட்டே கேக்காம வளந்த ஒரு குருவி கன்னாபின்னான்னு பாடுச்சு. அதுகிட்ட கத்துக்கிட்ட குஞ்சு அதை அப்படியே பாடல, கொஞ்சம் திருத்திப் பாடுச்சு. அதுகிட்ட கத்துக்கிட்டது இன்னும் கொஞ்சம் திருத்துச்சு. சில தலைமுறைல அது காட்டுல பாடற பாட்டுக்குப் பக்கத்துல வந்துடுச்சு. யாரும் காட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டவே இல்ல."

அடைக்கோழி கருவியைக் காதிலிருந்து எடுத்தார். "யாரும் சொல்லித் தராமலா?"

"சொல்லித் தராமதான்."

"அப்ப எங்க இருந்து வருது?"

"அதைத்தான் நானும் படிச்ச நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்." அவர் எழுந்து புடவையைத் தட்டினார். "கத்துக்கற வயசு முடியறதுக்குள்ள செய்யணும். முடிஞ்சா பிறாண்டல்தான் கடைசி வரைக்கும். அந்தக் குருவிக்கு நடந்தது இதுக்கும் நடக்கும்னு எழுதிக்கொடுக்க முடியாது. அலாரமே நிலைச்சுடுச்சுன்னா இந்த இனத்தோட குரலைக் கெடுத்தவள்னு என் பேர்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்மா," என்றார் அவர்.

நெறிக்குழுவில் அன்று நீளமாக வாதம் நடந்தது. டாக்டரம்மா தன் பழைய வாதத்துக்கு எதிராகத் தானே வாதாடினார். கடைசியில் நீதிபதி கேட்டார்: "தப்பு நடந்தா திருத்த முடியுமா?"

"நம்மால முடியாது சார். அதுங்களால முடியுமான்னுதான் பாக்கப் போறோம்."

இடையில் வலை கட்டிச் சேர்க்கலாம், குஞ்சுகள் திருத்தவில்லை என்றால் மறுபடி பிரித்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது. இந்த முறை பிரித்தால் அது நிரந்தரம்.

*

தனியறையிலிருந்து மாப்பிள்ளையைக் கொண்டுவந்து வலைக்கு இந்தப் பக்கம் விட்டார்கள். அது கிளையில் உட்கார்ந்து அறையைப் பார்த்தது. வலைக்கு அப்பால் தன் நிறத்தில், தன் அளவில், தன்னைப் போன்ற வாலோடு ஆறேழு உயிர்கள். பிறந்ததிலிருந்து அது பார்த்தது ஒரு பொம்மைத் தலையையும் ஒரு மெஷினையும்தான். நெடுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு தொண்டையைப் புடைத்துக் கூப்பிட்டது. மூன்று குட்டை, ஒரு நீளம்.

கொத்திக்கொண்டிருந்த குஞ்சுகள் அப்படியே நின்றன. இரை பாதி வாயில் இருந்தது ஒன்றுக்கு. பிறகு அத்தனையும் பறந்து வந்து வலையில் ஒட்டிக்கொண்டன. வெளியே நின்ற அடைக்கோழியும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்.

அதன் பிறகு வாரக்கணக்கில் அந்த அறை அலாரத்தில் மிதந்தது. அரைகுறை அலாரம், தலைகீழ் அலாரம், தும்மல் மாதிரி அலாரம். மெக்கானிக் வராண்டா வழியாகப் போகும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. குஞ்சுகள் ஒரு வித்தியாசமும் இல்லாமல் அப்படியே படித்துக்கொண்டிருந்தன. வலை இருக்கும் இடத்தில் சுவர் எழுப்ப ஆட்கள் வந்து அளவெடுத்துப் போனார்கள்.

ஒரு காலை. அடைக்கோழி இரைத் தட்டோடு உள்ளே போனார். ஆண் குஞ்சுகளில் இளையது, எப்போதும் ஓரத்துக் கிளையில் இருப்பது, பாடத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று குட்டை. அடுத்து அந்த நீள ஒலி வந்தது. மெஷினில் அது நேர்கோடு மாதிரி, இரும்பு மாதிரி இருக்கும். இந்தப் பறவை அதைப் பாதியில் பிடித்து வளைத்தது. மேலிருந்து கீழே, தண்ணீர் பாறையில் இறங்குவது போல நழுவவிட்டது. அடியில் போய் ஒரு நடுக்கம் கொடுத்து நிறுத்தியது. திரும்பவும் பாடியது. திரும்பவும் அதே இடத்தில் வளைத்தது. தவறு என்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் வரும். இதற்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

தட்டு கையில் இருக்க அவர் அப்படியே நின்றார். எந்த மெஷினும் அதைச் சொல்லித் தரவில்லை. எந்த மனிதனும் சொல்லித் தரவில்லை. காய்ந்துபோன ஒரு காலின் தோலிலிருந்து, ஊசி முனை வழியாக, வேறு யாருடைய முட்டைக்குள்ளோ புகுந்து அந்த வளைவு இங்கே வந்திருக்கலாம். அல்லது இன்று காலைதான் முதன்முதலாகப் பிறந்திருக்கலாம். எது என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

பெண் குஞ்சு ஒன்று இரையை விட்டுத் திரும்பி, ஓரத்துக் கிளைக்குப் பறந்தது.

நெறிக்குழு வந்து கேட்டது. நீதிபதி மூன்று தடவை கேட்டுவிட்டு எழுந்தார். வாசலில் டாக்டரம்மாவிடம் சொன்னார்: "பழைய பாட்டான்னு எனக்குத் தெரியாது. ஆனா அது மெஷின் இல்லம்மா."

டாக்டரம்மா அடைக்கோழியைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் உள்ளே போய் வலையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டினார். முதலில் யாரும் கடக்கவில்லை. வலை இருந்த இடத்தை வெறும் காற்று என்று நம்ப அவற்றுக்கு நேரம் பிடித்தது. மாப்பிள்ளை கூப்பிட்டது. அவர் சுருட்டிய வலையோடு சுவரோரம் ஒதுங்கி நின்றார்; விதிப்படி போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. இளையது பறந்து வந்து பெரியதன் கிளையில் இறகோடு இறகு உரச உட்கார்ந்தது.